யாருடைய இரத்தம்

எங்கள் மூத்த மகளுக்குத் தலசீமியா. இந்த வசனத்தை எழுத்தில் வைக்க எனக்குப் பல வருடங்கள் எடுத்திருக்கின்றன. அவளை மாதாமாதம் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் ஏற்றிவருவது ஊரில் பலருக்குத் தெரியும். என்ன வருத்தம் என்று கேட்டவர்களுக்கு, "பிள்ளைக்கு இரத்தம் குறைவு" என்று மட்டும் சொல்லிவந்தோம். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் குறைவு என்னிடமிருந்து பாதியும் மனைவியிடமிருந்து பாதியுமாக அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் படலைக்கு வெளியே நாங்கள் கொண்டுபோகவில்லை. மனைவிக்கு ஒரு தங்கச்சி, எனக்கு ஒரு தம்பி. இருவருக்கும் அப்போது கலியாணம் ஆகவில்லை. "பரம்பரை வருத்தம்" என்ற கதை ஒருமுறை ஊருக்குள் புறப்பட்டால் அது எந்தெந்த வீட்டுச் சம்பந்தங்களைக் குழப்பும் என்று வன்னியில் பிறந்த எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

நெடுங்கேணிப் பக்கம் எங்கள் ஊர். நான் விவசாயப் போதனாசிரியர். மனைவி எனக்கு மச்சாள், அம்மாவின் அண்ணனுடைய மகள். மாமா 2009இல் முள்ளிவாய்க்காலில் போய்விட்டார். 2010இல் முகாமிலிருந்து திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில், அண்ணனின் பிள்ளையை நான் கட்டவேண்டும் என்பதைத் தவிர அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கும் விருப்பம்தான். எத்தனையோ பேரைப் பறிகொடுத்து வந்த இரண்டு குடும்பங்கள். மிஞ்சியவர்களாவது ஒன்றாயிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் நடந்த சொந்தக்காரக் கலியாணங்கள் நிறைய. 2012இல் மகள் பிறந்தாள்.

பிறக்கும்போது அவளிடம் ஒரு குறையும் இல்லை. நல்ல நிறை, நல்ல அழுகை. ஆறாம் மாதம் தாண்டத்தான் உள்ளங்கை வெளிறத் தொடங்கியது. பால் குடிக்கும்போதே களைத்துப்போவாள். வயிறு மட்டும் பெருத்துக்கொண்டு வந்தது. அருகிலிருந்த வைத்தியசாலையில் இரத்தச்சோகை என்று சொல்லி இரும்புச்சத்துப் பாணி தந்தார்கள். அங்கே இருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மீள்குடியேறிய கிராமங்களில் வெளிறிய பிள்ளைகள் எங்கும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே இரும்புச்சத்துத்தான் குறைவு. எங்கள் பிள்ளைக்குப் பாணி கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை. வவுனியாவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து அனுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு. இரத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை முடிவு வந்த அன்று, பிள்ளையின் கடதாசியை ஒருபக்கம் வைத்துவிட்டு, எங்கள் இருவரிடமிருந்தும் இரத்தம் எடுத்தார்கள். அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

ஏன் ஆறு மாதம் என்பதை அங்கேதான் அறிந்தேன். செங்குழியத்துக்குள் இருந்து மூச்சுக்காற்றைச் சுமக்கும் ஈமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் உண்டு: அல்பாச் சங்கிலி இரண்டு, பீற்றாச் சங்கிலி இரண்டு. கருவிலிருக்கும் பிள்ளையின் உடம்பு பீற்றாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலியைப் பாவிக்கிறது. பிறந்தபின் சில மாதங்களில் காமா ஓய்ந்துபோகும், பீற்றா பொறுப்பெடுக்கும். பீற்றாவைச் செய்யும் மரபணு பதினோராம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. மகளுக்குக் கிடைத்த இரண்டு பிரதியிலுமே ஒரே பழுது. அதனால் காமா ஓய்ந்தபோது அந்த இடத்தை எடுக்க ஆளில்லை. துணையில்லாத அல்பாச் சங்கிலிகள் குழியத்துக்குள் படிந்து அதையே அழிக்கின்றன. என்புமச்சை ஓயாமல் உழைத்தும் பயனில்லை. மண்ணீரல் வீங்குகிறது.

பழுது என்றால் எவ்வளவு பெரிய பழுது? மனிதரின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள். எங்கள் வீட்டில் மாறியிருப்பது ஒன்று. மரபணுவின் முதற் பகுதி முடிந்து இடைவெளி தொடங்கும் இடத்தில், ஐந்தாவது எழுத்து ஜி ஆக இருக்கவேண்டியது சி ஆகிவிட்டது. ஐ.வி.எஸ். 1-5 என்று அதற்குப் பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் பீற்றாத் தலசீமியாவுக்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் ஆள் காவி, நோயாளி அல்ல. என்னைப் பாருங்கள், வெயிலில் வயல் வயலாய்த் திரிந்து வேலை செய்கிறவன். பள்ளிக்கூடக் காலம் தொட்டு எனக்கு இரத்தம் கொஞ்சம் குறைவு என்று சொல்லித்தான் வந்தார்கள். அவ்வளவே.

வைத்தியர் கடதாசியில் நான்கு பெட்டி கீறி விளங்கப்படுத்த வந்தார். எனக்கு அது தேவைப்படவில்லை. இனங்கலந்த நெல்லின் இரண்டாம் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்று பிரிவதைப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவன் நான். இரண்டு காவிகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, காவியாக இருக்கப் பாதி, ஒன்றுமில்லாதிருக்க நாலில் ஒரு பங்கு. முதற் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்ற கணக்கு இதில் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகவே விழும். தெரிந்த கணக்குத்தான். ஆனால் மடியில் ஊசி குத்தின பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது இதுதான்: "ஆரின்ர ரத்தத்தில வந்தது மோனை இது? எங்கட பக்கத்தில இப்பிடி ஒண்டும் இல்லை." அம்மா 'எங்கட பக்கம்' என்றது தன்னையும் தன் அண்ணனையும். மிச்சமாக நின்றது மாமிதான், என் மனைவியின் தாய். மாமியின் ஊர், மாமியின் தாய் தகப்பன், மாமியின் தமையன் சின்ன வயதில் செத்தது எல்லாம் மெல்ல மெல்லக் கதையாகி வந்தன. மனைவி கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன். இருவரும் காவிகள் என்ற கடதாசி என் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுத்து அம்மாவுக்கு முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் அம்மா மீதிருந்த பாசம் மட்டுமல்ல. பழி வேறு வாசலில் நிற்கும் வரைக்கும் அது என் வாசலுக்கு வராது என்ற ஒரு நிம்மதி எனக்குள் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அனுராதபுரத்து வார்ட்டில் எங்களைத் தவிரத் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. கெக்கிராவை, பதவியா, மெதவாச்சிப் பக்கத்துச் சிங்களத் தாய்மார், ஹொரவப்பொத்தானைப் பக்கத்து முஸ்லிம் தாய்மார். போர் முடிந்து நெடுங்காலம் ஆகவில்லை. மொழியும் சரியாக ஓடவில்லை. அங்கே பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோதுதான் நான் திகைத்தேன். கன்ன எலும்பு உயர்ந்து, நெற்றி புடைத்து, மூக்குப் பாலம் பதிந்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் இருந்தார்கள். என்புமச்சை பெருத்து முகத்தின் எலும்பை மாற்றிவிடுகிறது; போதிய அளவு இரத்தம் ஏற்றிவந்தால் இந்த மாற்றம் வராமல் தடுக்கலாம். முகம் மட்டுமல்ல, உள்ளே இருந்த எழுத்துப் பிழையும் பலருக்கு எங்கள் மகளுடையதுதான். ஐ.வி.எஸ். 1-5 தமிழ், சிங்களம் என்று பார்த்து வந்ததில்லை. மனித இனத்தின் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, கூட்டங்களுக்கு இடையிலுள்ளது மிகச் சொற்பம் என்று 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைப் பின்னால்தான் வாசித்தேன். வார்ட்டில் அதைக் கண்ணாலேயே கண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு ஏறுகிற இரத்தப் பையில் கொடுத்தவரின் பெயர் இருக்காது. குருதி வகை, ஒரு இலக்கம், காலாவதித் திகதி. வெசாக், பொசன் காலங்களில் விகாரைகளிலும் படைமுகாம்களிலும் இரத்ததானம் நடப்பதை அறிவேன். மாமாவை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பை யாரிடமிருந்து வந்ததோ என்று முதல் வருடம் என் மனம் ஒவ்வொரு தடவையும் தடுமாறியது. யாரிடமும் சொன்னதில்லை. மகளின் உதடு சிவந்து, அவள் எழும்பி நின்று சிரிக்கத் தொடங்கும்போது அந்தத் தடுமாற்றம் கரையும். பிறகு அது வராமலே போயிற்று. கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901இல் மனித இரத்தத்தை வகைபிரித்தபோது கண்டதும் மரபணு வேறுபாட்டைத்தான். ஓ, ஏ, பி எல்லாம் பெற்றோரிடமிருந்து வருபவை. அடிக்கடி ஏற்றும் பிள்ளைக்கு அவை மட்டும் பொருந்தினால் போதாது, ஆர்.எச். வகையின் உட்பிரிவுகள், கெல் வகை எல்லாம் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் உடம்பு எதிர்க்கத் தொடங்கிவிடும். என் மகளுக்கு நன்றாகப் பொருந்தும் இரத்தம் என்னிடமில்லை, பெயர் தெரியாத ஒருவரிடம் இருக்கிறது. அந்தப் பெயர் தெரியாதவருக்கு நான் கடன்பட்டவன்.

வார்ட்டில் எனக்கு நெடுநாள் விளங்காத ஒரு விடயம் இருந்தது. ஒரு பிள்ளைக்கு மூன்று கிழமைக்கு ஒருதரம் இரத்தம் வேண்டும். அதே பெயருள்ள நோயோடு இன்னொரு பிள்ளை வருடக்கணக்காக ஏற்றாமலே பள்ளிக்கூடம் போகிறாள். ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் வெதரோலும் இலங்கையின் அனுஜா பிரேமவர்தன போன்ற வைத்தியர்களும் இங்கேயே வருடக்கணக்காக ஆராய்ந்த புதிர் இது. ஒருபக்கம் பீற்றாத் தலசீமியா, மறுபக்கம் ஈமோகுளோபின் ஈ என்று இரண்டு வேறு மாற்றங்களைப் பெற்ற நோயாளரை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். அல்பா மரபணுவிலும் ஒரு குறை கூடவே வந்திருந்தால், மிஞ்சி நிற்கும் அல்பா குறைகிறது, நோய் தணிகிறது. ஓய்ந்துபோக வேண்டிய காமாச் சங்கிலி சிலருக்கு முழுதாக ஓய்வதில்லை, அவர்கள் தப்பிக்கிறார்கள். மஞ்சட் காமாலையோடு தொடர்புள்ள வேறொரு மரபணு, யாருக்குப் பித்தக்கல் வரும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கெடுக்கிறது. ஆக, ஒரு மரபணு ஒரு நோய் என்று ஒருபோதும் நிற்பதில்லை. ஒரே மழைக்கு ஒரே விதைநெல்லை மேட்டுக்காணியிலும் பள்ளக்காணியிலும் போட்டால் விளைச்சல் ஒன்றாகவா இருக்கும்? மாறிய எழுத்து எந்த உடம்பில் விழுகிறது என்பதும் பார்க்கவேண்டிய கணக்கு.

இந்தப் பிழை ஏன் அழியாமல் இவ்வளவு பேரிடம் தங்கியிருக்கிறது? கொடிய நோயைத் தருவது தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்திருக்க வேண்டுமே. இதற்கு மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் ஒரு விடை சொன்னார்: தலசீமியாக் காவிகளை மலேரியா அவ்வளவு இலகுவில் கொல்வதில்லை போலும். 1954இல் அந்தனி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவில் அரிவாட்குழிய மரபணுவைக் கொண்டு இந்த எண்ணத்துக்குச் சான்று காட்டினார். மலேரியாக் காய்ச்சல் நிறைந்த நிலத்தில் ஒரு பிரதி காவலாக நிற்கிறது. இரண்டு பிரதி சேர்ந்த பிள்ளை அதன் விலையைக் கொடுக்கிறது.

வன்னிக்காரருக்கு மலேரியாவைப் பற்றிச் சொல்லவா வேண்டும். 1934, 35இல் இலங்கையில் 80,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்ற கொள்ளைநோயில்கூட, அதிகம் மடிந்தது எப்போதாவதுதான் மலேரியாவைக் கண்ட கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களே. உலர்வலயக் குளங்களைச் சுற்றி அதோடு கூடவே வாழ்ந்தவர்களுக்கு ஓரளவு தாங்குசக்தி இருந்தது. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டும் என்று குறைந்த காய்ச்சல், அறுபதுகளின் கடைசியில் ஐந்து இலட்சத்தைத் தாண்டி மீண்டும் எழுந்தது. 1999இலும் 264,000 பேருக்கு மேல். போர்க்காலத்தில் வன்னியில் அது ஏறாத வீடில்லை. எனக்கும் வந்தது. பிழைத்தது என் மரபணுவாலா, அம்மா எங்கேயோ தேடி எடுத்துவந்த குளோரோகுயினாலா என்று தனியொரு ஆளுக்குச் சொல்லமுடியாது. எங்களோடு இடம்பெயர்ந்திருந்த ஒரு பெடியனுக்குப் பிரைமாகுயின் குடித்தபின் சிறுநீர் சாயத்தேத்தண்ணி நிறத்தில் போனதும், ஆள் மஞ்சளித்துக் கிடந்ததும் நினைவிருக்கிறது. மருந்து பழுது என்றார்கள். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறந்தவர்களுக்கு அந்த மாத்திரை செங்குழியத்தை உடைத்துவிடும் என்பது 1956இலேயே கண்டறியப்பட்டிருந்தது. அதுவும் மலேரியா நிலங்களில் தங்கிய ஒரு மரபணு மாற்றமே. எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்பிள்ளைகளையே கூடுதலாகத் தாக்கும். 2012க்குப் பிறகு இலங்கையில் மலேரியா நிலைகொண்டு பரவவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிசெய்தது. காய்ச்சல் போய்விட்டது. அது எங்கள் இரத்தத்தில் விட்டுச்சென்றது போகவில்லை.

எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். வவுனியாவிலும் அயலிலுள்ள பதவியா, மெதவாச்சியிலும் கமக்காரரை அரிக்கும் சிறுநீரக நோயைப் பற்றி என் கூட்டங்களில் அடிக்கடி கேள்வி வரும். சிலருக்குப் பிறப்பிலேயே அதற்கு இடங்கொடுக்கும் தன்மை இருக்கலாம். ஆனால் தண்ணீரையும் வெயிலையும் விசிறும் மருந்தையும் பார்க்காமல் "அது அவையின்ர பரம்பரை" என்று கையைக் கழுவுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

சொந்தத்துக்குள் கட்டினதால்தான் மகளுக்கு இந்த நோய் என்று சிலர் ஒரே வசனத்தில் முடிப்பார்கள். அதிலும் உண்மை பாதிதான். இலங்கையில் பீற்றாத் தலசீமியாக் காவிகள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். முன்பின் அறியாத இருவர் மணந்தால், இருவருமே காவிகளாக இருக்க வாய்ப்பு சுமார் 2,500இல் ஒன்று. ஆனால் ஆச்சி ஒருத்தி காவியாக இருந்து, அவளுடைய மகனின் பிள்ளையும் மகளின் பிள்ளையும் மணந்தால், அந்த வாய்ப்பு 16இல் ஒன்றாக ஏறிவிடுகிறது. பெரிய வித்தியாசம். என்றாலும் 16இல் 15 சோடிக்கு இந்த ஆபத்து இல்லை. வார்ட்டில் எங்களோடு இருந்த பெற்றோர் பலர் ஒருவருக்கொருவர் உறவே இல்லாதவர்கள். மச்சான் மச்சாள் கட்டக்கூடாது என்பதல்ல என் கட்சி. தெரிந்து கட்டவேண்டும் என்பதே.

மாமன் மகள் என்பதோடும் இது நிற்பதில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் அவரோடு சேர்ந்தவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் பல சமூகங்கள் நூற்றுக்கணக்கான வருடங்களாகத் தங்களுக்குள்ளேயே மணந்துவந்ததால், நேரடி உறவில்லாத சோடிகளும் ஒரே மூதாதையின் மாற்றத்தைச் சுமக்கக்கூடும் என்று காட்டியது. சாதிக்குள் கட்டுவதும் ஒருவகையில் சொந்தத்துக்குள் கட்டுவதே. இதை எங்கள் ஊரில் உரத்துச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. சொல்லிவைக்கிறேன்.

உலகெங்கும் 26 மக்கள் கூட்டங்களிலிருந்து 2,504 பேரின் மரபணுத் தொகுதியை வாசித்த பெருந்திட்டம் 2015இல் முடிவுகளை வெளியிட்டது. அதில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் ஒரு கூட்டம். எவரை எடுத்தாலும், மாதிரித் தொகுதியோடு ஒப்பிட 41 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடுகிறார் என்று கண்டார்கள். இதை வாசித்த இரவு எனக்கு மனம் லேசானது. பழுதில்லாத பரம்பரை என்று உலகத்தில் ஒன்று இல்லை. பெரும்பாலான மாற்றங்கள் ஒன்றும் செய்யாமல் கிடக்கின்றன. சில, நிறத்தையும் உயரத்தையும் மாற்றுகின்றன. மிகச் சில, இரண்டு ஒன்று சேரும்போது மட்டும் வெளியே வருகின்றன. எங்கள் வீட்டில் அப்படிச் சேர்ந்துகொண்டது ஒன்று.

இரண்டாவது பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த நோயை முழுதாக மாற்ற ஒரு வழி என்புமச்சை மாற்றுச் சிகிச்சை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் செய்துவருகிறார்கள். பொருந்தும் மச்சை வேண்டும். கூடப்பிறந்த ஒருவரிடம் அது பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஆறாம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன, நோயினுடையது பதினோராவதில். ஒன்றையொன்று தொடர்வதில்லை. நோயில்லாமலும் அக்காவுக்குப் பொருந்தியும் ஒரு பிள்ளை பிறக்க வாய்ப்பு 16இல் மூன்று. அந்த மூன்றை நம்பித்தான் நான் இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டேன். மனைவி பயந்தாள். கருவிலேயே பரிசோதிக்கலாம், ஆனால் எங்கள் நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்கு இடமளிக்கிறது; அறிந்தும் என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மகன் பிறந்தான். காவி, நோயில்லை. மச்சை பொருந்தவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று, நோயில்லாமல் பிறந்த ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏமாந்துபோய் இருந்தேன். மனைவி அதைக் கண்டுகொண்டாள். "அவன் அவளின்ர மருந்தில்லை. அவன் எங்கட பிள்ளை" என்றாள். அவன் வளர்ந்து இதை வாசிக்கக்கூடும். தகப்பனுடைய மனம் அன்று எங்கே நின்றது என்பதை அவன் என்னிடமிருந்தே அறியட்டும்.

அதற்குப் பிறகுதான் தம்பியின் கதை எழுந்தது. மாமா இருந்த காலத்திலேயே பேசிவைத்த சம்பந்தம்: என் தம்பிக்கு மனைவியின் தங்கச்சி. அம்மா நாள் பார்க்கத் தொடங்கிவிட்டா. நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி இரவில் எழும்பி இருந்தாள். "இஞ்சருங்கோ, நாளைக்கு என்ர தங்கச்சியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாட் வாட்டாத் திரியிறதைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ?" விடிந்ததும் அவளே அம்மாவுக்கும் மாமிக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் அவளும் காவிகள் என்று. தம்பிக்கும் தங்கச்சிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று. கடதாசியை எடுத்து வைத்தது அவள்தான்.

அம்மா நம்பவில்லை. என்னையும் பாக்கட்டும் என்றா. மாமியும் கையை நீட்டினா. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன். முடிவு: மாமியிடம் ஒன்றுமில்லை. அம்மா காவி. அப்படியென்றால் மனைவிக்கு வந்தது மாமாவிடமிருந்து. அம்மாவுக்கும் மாமாவுக்கும் வந்தது அவர்களைப் பெற்ற ஆச்சியிடமிருந்தோ அப்புவிடமிருந்தோ. அம்மா நெடுநேரம் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டிருந்தா. பிறகு, "சின்னனில நானும் அண்ணனும் ஒண்டாத்தான் மலேரியாக் காய்ச்சலில கிடந்தனாங்கள். ரெண்டு பேரும் தப்பீட்டம் எண்டு ஆச்சி நேர்த்தி வைச்சவ" என்றா. ஹால்டேனைப் பற்றி நான் அவவுக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் அம்மா தனியாக மாமி வீட்டுக்குப் போய் வந்தா. அங்கே என்ன கதைத்தார்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. மாமியின் தமையனைப் பற்றிய கதை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

தம்பி காவி. தங்கச்சி காவியல்ல. கலியாணம் பேசினபடியே நடந்தது. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் காவிகளாகலாம். பீற்றாத் தலசீமியா நோயாளிகளாக மாட்டார்கள். இருவரும் காவிகளாக இருந்திருந்தால்? அப்போதும் முடிவு அவர்களுடையதே. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

மகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு பை இரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தானாக வழியில்லை; இருதயத்திலும் ஈரலிலும் படியும். சின்ன வயதில் இரவிரவாக வயிற்றுத் தோலுக்குள் ஊசி செருகி, சிறு இயந்திரத்தால் மருந்து செலுத்தினோம். இப்போது மாத்திரை. படிக்கிறாள், சண்டை பிடிக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி. 2023 நவம்பரில் பிரித்தானியா, நோயாளியின் சொந்த மச்சைக் குழியங்களை எடுத்து, ஓய்ந்துபோன காமாச் சங்கிலியை மீண்டும் எழுப்பும் விதமாக மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். அந்தச் செய்தியை மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். எப்போது இங்கே வரும் என்று கேட்டாள். வரவேண்டும். அதற்குக் குரல்கொடுக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அதுவரைக்கும் எங்கள் கையிலிருப்பது ஒரு சிறு குழாய் இரத்தம். சைப்பிரஸ் தீவில் ஒருகாலம் இந்த நோய் நாட்டின் வைத்தியச் செலவையே விழுங்கிவிடும் போலிருந்தது. கலியாணத்துக்கு முன் எல்லோரையும் பரிசோதித்து, நோயோடு பிறக்கும் பிள்ளைகளின் தொகையை ஏறத்தாழ இல்லாமலே செய்தார்கள். இங்கே குருநாகல், அனுராதபுரம், பதுளை, ராகமை என்று பெரிய சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் கேட்டால் பரிசோதிப்பார்கள். வன்னியில் கேட்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் என்னைப் போல இதை வீட்டுக்குள் வைத்திருக்கிறவர்கள் அதிகம்.

இரும்புச்சத்துப் பாணி குடித்தும் இரத்தம் ஏறாத பிள்ளை வீட்டில் இருந்தால், தலசீமியாவா என்று வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், அல்லது ஒருவர் காவி என்று தெரிந்தால், சகோதரங்களுக்கும் மச்சான் மச்சாள்மாருக்கும் சொல்லுங்கள், சம்பந்தம் பேசும் முன்னமே சொல்லுங்கள். முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. செங்குழியத்தின் பருமன் (எம்.சி.வி.) 80க்குக் குறைவாக இருந்தால், அடுத்ததாக இரத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்விக்கச் சொல்லுங்கள். அதில் ஈமோகுளோபின் ஏ2 நூற்றுக்கு 3.5க்கு மேல் இருந்தால் நீங்கள் காவியாக இருக்கலாம், நோயாளி அல்ல. உங்களோடு மணமேடை ஏறப்போகிறவரும் அதே பரிசோதனையைச் செய்யவேண்டும்.